மூடாத நாற்றங்கால்

புளியமேடு, ஜவ்வாதுமலை
18-4-1978

அன்புள்ள மாமாவுக்கு,

பாஞ்சாலை வணக்கம் சொல்லி எழுதுவது. வீடு வந்து சேர்ந்தேன். அப்பா, அம்மா, லட்சுமணன் அண்ணன் மூவரும் சுகம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

பாதி மலையில் ஊற்றுக்கிட்டே என்னை விட்டுவிட்டுத் திரும்பினீர்களே, அங்கிருந்து நான் தனியாக ஏறவில்லை. விறகுக்கு வந்த இரண்டு பெண்கள் துணைக்குக் கிடைத்தார்கள். "இன்னாடி, கண்ணாலம் ஆயி ஒரு வருசம் கூட ஆவல, பொட்டியோட வர்றே?" என்று கேட்டார்கள். புளி உலுக்க ஆள் போதவில்லை என்று அம்மா கூப்பிட்டாள் என்றேன்.

வீட்டில் உள்ளதைச் சொன்னேன். நான் கொண்டுவந்த விதையில் போட்ட கேழ்வரகு நோய் கண்டு, கதிரின் கழுத்து கருத்து, உங்கள் வயல் முழுக்கப் பதராகிப் போனதைச் சொன்னேன். பக்கத்து ரங்கன் கொல்லைக்கும் அது தாவியதைச் சொன்னேன். உங்கள் அப்பா நாலு பேர் முன்னால், "மலை வெதை நோவு கொண்டாந்துடுச்சு. கொண்டாந்தவளும் மலையிலயே கெடக்கட்டும்" என்றதையும் சொன்னேன். "மாப்ள இன்னா சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள். பக்கத்தில்தான் நின்றார் என்றேன்.

மாமா, அதே விதை இங்கே அப்பாவின் நிலத்தில் ஒரு புள்ளி இல்லாமல் விளைந்து அறுப்புக்கு நிற்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். விதையில் குற்றம் இல்லை என்பதை உங்கள் அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். எப்போது கூப்பிட வருகிறீர்கள்?

உங்கள் அன்புள்ள,
பாஞ்சாலை

*

ஒடுகத்தூர்
22-5-1978

ஆசையுள்ள பாஞ்சாலைக்கு,

ராஜாக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முதுகு வலி பரவாயில்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. உன் அப்பா அம்மாவையும் மச்சானையும் கேட்டதாகச் சொல்லவும்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ போட்ட அவரைப் பந்தல் காற்றில் சாய்ந்துபோனது. நானே புதுக் கம்பு நட்டு நிமிர்த்தினேன். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. இதையெல்லாம் நேரில் சொல்லக் கூச்சம், கடிதம் என்பதால் எழுதுகிறேன்.

அப்பா இன்னும் ஆறவில்லை. ரங்கன் அண்ணன் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஜாடையாகப் பேசுகிறார். ஊர் முன்னால் தலை குனிந்துவிட்டது என்று அப்பாவுக்கு ஆத்திரம். இந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுப்போகும். ஆடி கழியட்டும். சமயம் பார்த்துப் பேசுகிறேன்.

விதையைப் பற்றி எழுதியிருந்தாய். மலை மண் வேறு, இந்த மண் வேறு. அவ்வளவுதான் இருக்கும். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இப்படிக்கு, உன்னையே நினைத்திருக்கும்
ராஜாக்கண்ணு

*

புளியமேடு
19-6-1978

அன்புள்ள மாமாவுக்கு,

பாஞ்சாலையின் வணக்கம். இங்கே ஒருவருக்கும் குறையில்லை. அங்கேயும் அப்படியே இருக்க மலைமேல் இருக்கிற சாமியை வேண்டுகிறேன். அவரைப் பந்தலை நிமிர்த்தியது கேட்டுச் சந்தோஷம்.

மண் வேறு என்று எழுதியிருந்தீர்கள். மண்ணைக் குற்றம் சொன்னால் அது எதிர்த்துப் பேசாது, வசதிதான்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் போகிற வீட்டுக்கு முதல் விதை அவள் மடியில் போகும். ஆனால் விதை கொண்டுபோனவள் நாற்றுப் பிடுங்கும் நாள்வரை நாற்றங்காலில் கால் வைக்கக் கூடாது. அதனால் மார்கழி முழுக்க நான் வரப்போடு நின்றுகொண்டேன். உங்கள் அப்பாவும் அத்தையும் மகள் பிரசவத்துக்காகக் கணியம்பாடி போயிருந்த மாதம் அது. நாற்றுக்குக் காவல் நீங்கள் மட்டும்தான். மலைக்காற்று இறங்கினால் அங்கேயும் பல் கிட்டும் குளிர். பொழுது சாய்ந்ததும் நீங்கள் நாற்றின்மேல் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தென்னங்கீற்று போட்டு மூடினீர்கள். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் எடுத்தீர்கள்.

"எங்க ஊர்ல நாத்தை மூட மாட்டோம்" என்றேன். "உன் வூட்டு வெதைக்குக் குளிராதா? என்கிட்ட வந்துட்டுதில்ல, நான் பாத்துக்கறேன் போ" என்றீர்கள். எனக்கு வாயெல்லாம் பல். அதற்குமேல் நான் எதற்குப் பேசுவேன்?

இரண்டு மாதமாக இதையே யோசிக்கிறேன். விதை ஒன்றுதான். இங்கே அது பனியில் நின்றது, அங்கே போர்வைக்குள் நின்றது. போர்வைக்குள் வெளுத்து, நெட்டையாக, தொட்டால் ஒடிகிற மாதிரி வளர்ந்ததை நாற்றுப் பிடுங்கும்போது என் கையாலேயே பார்த்தேன். நோய் அந்த நாற்றில்தான் முதலில் ஏறியிருக்க வேண்டும்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆசையாகச் செய்தீர்கள். "நாத்தை மூடினது நான்தான்" என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அது போதும். உங்களை வீட்டை விட்டா அனுப்பிவிடுவார்? ஒரு நாள் கத்துவார், மறுநாள் கஞ்சி குடிக்கக் கூப்பிடுவார்.

பதிலை எதிர்பார்க்கும்,
பாஞ்சாலை

*

ஒடுகத்தூர்
16-10-1978

ஆசையுள்ள பாஞ்சாலைக்கு,

ராஜாக்கண்ணு எழுதுவது. நாங்கள் சௌக்கியம். நீயும் வீட்டாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் எழுதி நாளாகிவிட்டது. வேர்க்கடலைக் களையெடுப்பு, பிறகு மழை, பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிட்டது.

மழை நல்ல மழை. கிணறு நிரம்பி வழிகிறது. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. கன்றுக்கு நெற்றியில் வெள்ளை. அம்மா அதைச் சுட்டி என்று கூப்பிடுகிறாள். தீபாவளிக்கு உனக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். அரக்கு நிறம். யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று தெரியவில்லை, பெட்டியில் இருக்கிறது.

அப்பா இப்போது முன்போலக் கத்துவதில்லை. உன் பேச்சை எடுப்பதும் இல்லை. அது ஒரு நல்ல குறி என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ராஜாக்கண்ணு

*

புளியமேடு
27-12-1978

அன்புள்ள மாமாவுக்கு,

பாஞ்சாலை எழுதுவது. எல்லோரும் சுகம், அத்தைக்குக் காய்ச்சல் விட்டதா? கன்றுக்குட்டி பால் நன்றாகக் குடிக்கிறதா?

இங்கே குளிர் இந்த வருடம் முரட்டுக் குளிர். தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகிறது. காலையில் புல் எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது.

கேழ்வரகு நாற்று விட்டாயிற்று. அப்பாவின் நாற்றங்கால் வழக்கம்போல மேட்டில் இருக்கிறது. நான் தனியாக ஓடைக்கு அந்தப் பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி போட்டிருக்கிறேன். இரண்டிலும் ஒரே விதை, ஒரே எரு. ஒன்றைத் திறந்து விட்டேன். மற்றதை நீங்கள் மூடியதைப் போலவே சாயங்காலம் வைக்கோல் போட்டு மூடுகிறேன், வெயில் ஏறிய பிறகு எடுக்கிறேன்.

நோய் வந்தால்தானே எந்தப் பாத்தி தாங்குகிறது என்று தெரியும்? அதனால் அண்ணனை அனுப்பி உங்கள் வயல் ஓரத்தில் கிடந்த போன வருடத்துப் பதர்த் தாளைக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன். உங்களை அங்கே பார்க்கவில்லை என்று அண்ணன் சொன்னான். அதை இரண்டு பாத்திக்கும் சமமாகத் தூவினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நோவைப் போயி வூட்டுக்குக் கொண்டாந்து வெக்கிறியே, புத்தி கெட்டவளே!" என்று திட்டினாள். ஊரில் இரண்டு பேர் வந்து அப்பாவிடம் புகார் சொன்னார்கள். அப்பா, "ஓடைக்கு அந்தாண்டதான செய்யறா, செய்யட்டும்" என்று அனுப்பிவிட்டார். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் நாற்றும் போகும். பயத்தோடுதான் செய்கிறேன்.

என்ன ஆகிறது என்று எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

உங்கள்,
பாஞ்சாலை

*

புளியமேடு
20-1-1979

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பொங்கல் நல்லபடி ஆயிற்றா? நாங்கள் இங்கே கொண்டாடினோம். உங்களிடமிருந்து பதில் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

மூடிய பாத்தி போய்விட்டது. இலையெல்லாம் கண் கண்ணாகப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் பழுப்பு. உங்கள் வயலில் பார்த்த அதே புள்ளி. திறந்த பாத்தியில் நாற்று குட்டைதான். பார்க்க ஏழைப் பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆனால் இலை தடித்து, கரும்பச்சையாக, அங்கொன்றும் இங்கொன்றும் புள்ளி விழுந்து அதோடு நின்றுவிட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திறந்த பாத்தியிலேயே ஓடையை ஒட்டிய மூலை ஒன்று உண்டு. மரநிழலால் அங்கே பகலிலும் இலை ஈரம் காய்வதில்லை. அந்த மூலையிலும் நோய் பிடித்துவிட்டது. அதைப் பார்த்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் எண்ணமே தப்போ என்று பயந்தேன்.

மரக்கன்று கொடுக்க மலைக்கு வந்திருந்த பயிர் யோசனை சொல்லும் கிராம சேவக் கண்ணாயிரத்திடம் காட்டிக் கேட்டேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "குளிர் பட்டா பயிர் முழிச்சிக்கும்மா. எலை தடிச்சிடும், உள்ள சாறு மாறிடும். அப்புறம் நோவு சுலபமா உள்ள பூற முடியாது. ஆனா குளிரோட ஈரமும் விடாம தங்கிட்டா, அதே குளிரு பயிரைச் சோர வெச்சி நோவைக் கூட்டியாந்துடும். வேற பயிர்ல இத ஆராஞ்சி சொல்லியிருக்காங்க. கேவுருக்கு அப்படித்தானான்னு சத்தியம் பண்ண என்னால ஆவாது. நீ பண்ணிப் பாத்துட்டே, அது நல்லதுதான்" என்றார்.

ஆக, குளிர் படவேண்டும். பட்ட பிறகு வெயிலும் காற்றும் படவேண்டும். நீங்கள் மூடியபோது குளிரும் படவில்லை, உள்ளே ஈரமும் தங்கியது. இதுதான் நடந்தது. நோய் பிடித்ததையெல்லாம் நேற்றே எரித்துவிட்டேன். அப்பாவின் நாற்றங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு இந்தப் பாத்திகள் தேவைப்பட்டிருக்காது மாமா. நீங்கள் பேசியிருந்தால் தேவைப்பட்டிருக்காது.

பாஞ்சாலை

*

ஒடுகத்தூர்
29-1-1979

ஆசையுள்ள பாஞ்சாலைக்கு,

ராஜாக்கண்ணு எழுதுவது. எல்லோரும் சௌக்கியம். கன்றும் சௌக்கியம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ இவ்வளவு பாடுபட்டிருக்கிறாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஒரு உதவி. இங்கே நாங்கள் விட்ட நாற்றிலும் புள்ளி தெரிகிறது. விதை கடையில் வாங்கியது, மலை விதை இல்லை. இந்தத் தடவை மூடியது அம்மா. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் மூடிவிட்டாள். இந்த வருடமும் பயிர் போனால் அப்பா தாங்கமாட்டார். உன் அப்பாவின் நாற்றங்காலில் மிச்சம் இருந்தால் மச்சானிடம் கொடுத்தனுப்பு. விடியற்காலையில் நேரே கிணற்றங்கரைக்குக் கொண்டுவரச் சொல். வீட்டுப் பக்கம் வரவேண்டாம். நாற்று எங்கிருந்து வந்தது என்பதை நானே சமயம் பார்த்து அப்பாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இது மட்டும் நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நம்பு.

உன்,
ராஜாக்கண்ணு

*

புளியமேடு
4-2-1979

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தை நாற்றோடு அண்ணன் கையில் கொடுத்திருக்கிறேன்.

நாற்றை அப்பாதான் பிடுங்கிக் கட்டினார். "அவங்க வூட்டுக்கு எதுக்குடி?" என்று அண்ணன் சண்டை பிடித்தான். அவனைச் சமாதானம் செய்து அனுப்பியிருக்கிறேன், ஒரு வாய் கஞ்சியாவது கொடுங்கள். நாற்றின் வேர் காய விடாமல் அன்றைக்கே நட்டுவிடுங்கள். நெருக்கி நடவேண்டாம், காற்று உள்ளே ஓடவேண்டும். குட்டையாக இருக்கிறதே என்று பயப்படவேண்டாம். அது பனியைத் தின்று வளர்ந்தது, தாங்கும்.

பிடுங்கும் நாள்வரை காத்திராமல் இந்த நாற்றங்காலில் நானே இறங்கி வேலை செய்தேன். பெண் விதை கொண்டுபோகும் வருடத்துக்குத்தான் அந்தக் கட்டு, இப்போது நான் பிறந்த வீட்டில்தானே இருக்கிறேன் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

நட்டு முடித்ததும் உங்கள் அப்பாவிடம் இரண்டையும் சொல்லுங்கள்: இது யார் வீட்டு நாற்று, போன வருடத்து நாற்று ஏன் கெட்டது. எனக்கு அவர்மேல்கூடக் கோபம் இல்லை. தெரியாததால் பேசினார். தெரிந்தால் அவரே வந்து கூப்பிடுவார் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. நான் அந்த வீட்டில் வாழத்தான் ஆசைப்படுகிறேன், மாமா. வெளிப்படையாகவே எழுதிவிட்டேன்.

உங்கள் அன்புள்ள,
பாஞ்சாலை

*

ஒடுகத்தூர்
17-4-1979

ஆசையுள்ள பாஞ்சாலைக்கு,

ராஜாக்கண்ணு மிகுந்த சந்தோஷத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா கோயிலுக்கு நடந்தே போய்வருகிறாள். பெரியவர்கள் இருவருக்கும் என் வணக்கம், மச்சானுக்கு என் நன்றி.

கதிர் முற்றிவிட்டது. கை விரலை மடக்கினாற்போல ஒவ்வொன்றும் கனம். சுற்றுவட்டாரத்தில் எல்லோர் வயலிலும் கதிர்க் கழுத்து கருக்கும் அந்தக் குலைநோய், நம் வயல் மட்டும் பதரில்லாமல் நிற்கிறது. ரங்கன் அண்ணனே வந்து கதிரைக் கையில் கசக்கிப் பார்த்துவிட்டுப் போனார். அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "எம் புள்ள பனியில வுட்டு நாத்தை ஒரமேத்தி எடுத்தான், எவனுக்கு வரும் இந்த அறிவு?" என்று டீக்கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்கிறார்.

அமிர்திப் பக்கம் சிநேகிதன் கொல்லையில் நான் நாற்று விட்டதாக அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அப்போது அப்படிச் சொல்லவேண்டி வந்துவிட்டது. இப்போது மறுத்துப் பேசினால் அவர் மனம் உடைந்துவிடும். நீயும் கோபப்படாதே. யார் பேர் வாங்கினால் என்ன, நாம் வேறு வேறா?

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நல்ல மனநிலையில் இருந்தபோது உன் பேச்சை எடுத்தேன். அப்பா, "போவுது, சின்னப் பொண்ணு. மன்னிச்சுட்டேன். கூட்டிக்கினு வா" என்றார்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஊற்றுக்கிட்டே வந்து நிற்கிறேன். வந்ததும் அப்பா காலில் விழுந்துவிடு. அவர் இரண்டு வார்த்தை கடிந்து பேசினாலும் மனதில் வைத்துக்கொள்ளாதே. நீயும் மலைக் குளிரில் வளர்ந்தவள், தாங்கிக்கொள்வாய்.

அரக்குச் சேலை பெட்டியிலேயே இருக்கிறது.

உன்,
ராஜாக்கண்ணு

*

புளியமேடு
19-4-1979

மாமாவுக்கு,

பாஞ்சாலை எழுதுவது. நாங்கள் சுகம். வெள்ளிக்கிழமை நீங்கள் வீணாக ஏறி வந்து நிற்கவேண்டாம் என்று அண்ணனிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பயிர் தேறியது கேட்டு எனக்குச் சந்தோஷம், பொய் சொல்லவில்லை. படித்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். அதற்குப் பிறகுதான் மீதியைப் படித்தேன்.

உங்கள் அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கு மன்னித்தார், மாமா? அதை மட்டும் எழுதவில்லையே.

நீங்கள் நாற்றை மூடியதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. பனியில் நீங்கள் கீற்றைச் சுமந்து போவதை வரப்பில் நின்று பார்த்த அந்த மார்கழிதான் நான் சந்தோஷமாக வாழ்ந்த மாதம். அன்று நாலு பேர் முன்னால் பேசாமல் நின்றீர்களே, அதைக்கூடப் பொறுத்தேன். பயந்துவிட்டார், அப்பாவின் கோபம் ஆறினால் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஆடி கழிந்தது, தீபாவளி கழிந்தது, பொங்கலும் கழிந்தது. பயிர் கெட்டபோது பழி எனக்கு வந்தது. தேறியபோது பேர் உங்களுக்கு வந்தது. இரண்டு தடவையும் உள்ளதைச் சொல்ல நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

நாற்று தாங்கும் என்றுதான் நான் எழுதினேன். நான் தாங்குவேன் என்று எழுதவில்லை.

உங்கள் அப்பா காலில் விழ எனக்குக் கூச்சம் இல்லை, பெரியவர். செய்யாத தப்புக்காக விழச் சொன்னால்தான் முடியாது. இன்று விழுந்தால், நாளைக்கு அந்த வீட்டில் பால் திரிந்தாலும் பழி என்மேல் வரும், நீங்கள் பக்கத்தில் நிற்பீர்கள். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் நான் வரவில்லை. அம்மா மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். அப்பா, "உன் இஷ்டம்மா" என்று மட்டும் சொன்னார். மழை விழுந்ததும் சாமை விதைக்க மேட்டில் ஒரு துண்டு நிலம் எனக்கென்று ஒதுக்கியிருக்கிறார்.

உங்கள் வயலில் இப்போது நிற்பது நல்ல கதிர். அதிலேயே விதை எடுத்து வையுங்கள். மார்கழியில் வெயில் படுகிற மேடாகப் பார்த்து நாற்று விடுங்கள், மூடாதீர்கள், அத்தையையும் மூடவிடாதீர்கள். அது தானாகவே தேறும். அதற்கு நான் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பாஞ்சாலை